மனுசி போலத் தயங்கு

எஃப் பன்னிரண்டை அழுத்தியதும்
பக்கம் இரண்டாகப் பிளந்து
வலது பாதியில் எலும்பெல்லாம் தெரிந்தது.
தன் பிறந்தநாள் படங்களுக்குப் பின்னால்
இத்தனை அடைப்புக்குறிகள் இருப்பதை
மிர்த்தா எச்செவெரி அறிந்ததில்லை.

மான்டெவிடியோவில் ஜூலை மாதம்.
ஜன்னல் சட்டத்தை ஆட்டிக்கொண்டேயிருக்கிறது ஆற்றுக்காற்று;
ஆறு என்று பேர்தான், மறுகரை தெரியாது.
மாத்தே குடுவையில் நான்காம் முறை வெந்நீர் ஊற்றியாயிற்று.
இலையில் இப்போது சாரமில்லை, சூடு மட்டும்.

வீட்டுவசதிக் கூட்டுறவின் தலைவர் தேர்தலில் நிற்கிறாள்.
எண்பத்திரண்டு குடும்பங்கள், ஒரு தண்ணீர்த் தொட்டி,
அதற்கே இரண்டு அணிகள்.
"அவர்கள் தோண்டும் முன் நீங்களே தோண்டிவிடுங்கள்"
என்று பதினோரு வரி நிரல் அனுப்பியிருந்தான்
ஐந்தாம் பிளாக் வாஷிங்டன்.
வாஷிங்டன் இங்கே ஆள் பெயர்.
சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறவரும் ஒரு வாஷிங்டன்தான்.

ஒட்டப்போனாள். கன்சோல் தடுத்தது:
உனக்குப் புரியாத எதையும் இங்கே ஒட்டாதே.
சிரித்துவிட்டாள்.
பதினான்கு வருடமாக இந்தப் பக்கத்தில்
வேறென்ன செய்தேன்?

மூன்று புள்ளிகளைத் தேடு. அழுத்து.
'நீக்கு' தேடு. அழுத்து.
உறுதியாகவா? ஆம்.
இரண்டு நொடியிலிருந்து ஐந்து நொடிவரை
ஏதோ ஒரு கணக்கில் காத்திரு.
அந்த வரிக்கு மேல் வாஷிங்டன் குறிப்பு எழுதியிருந்தான்:
மனுசி போலத் தயங்கு,
இல்லாவிட்டால் இயந்திரம் என்று கண்டுகொள்வார்கள்.

தயங்கித் தயங்கிப் போயின
நூற்றிருபத்தொன்றாம் எண் பேருந்துமேல் வைத்த வசவுகள்,
மழைநாளில் பொரித்த தோர்த்தா ஃப்ரீத்தாவின் எண்ணெய்ப் பளபளப்பு,
பெனால்டி விஷயத்தில் மைத்துனனோடு போட்ட
எழுபது பதில் நீளச் சண்டை,
மூன்று நாளில் கைவிட்ட எலுமிச்சைச் சாறு விரதம்,
விவாகரத்தான வாரத்தில்
ஒன்றும் சொல்லாமல் போட்ட ஒரு செருப்புப் படம்.

இரண்டாயிரத்துப் பதினான்கு, மார்ச்.
நின்றுவிட்டது.
கன்சோலில் ஒரு சிவப்பு வரி:
இல்லாத ஒன்றை அழுத்தச் சொல்கிறாய்.

திரையில் நின்ற பதிவு:
வாய்க்கு ஒரு நாள் விடுமுறை கொடுத்தால்
மூளை வேலைக்கு வரலாம்.
கூட்டம் முடிந்து படியேறும்போதே தட்டச்சு செய்தது.
கூட்டத்தில் ஒன்றரை மணி நேரம் பேசியவள்
இரண்டாம் பிளாக் சுல்மா.

நாற்பத்தொரு இதயங்கள்.
முதல் இதயம் சுல்மாவுடையது.
கீழே சுல்மா: ஹா! சரியாச் சொன்னே. யாரை?

மிர்த்தா பதில் சொல்லியிருக்கவில்லை.

பக்கத்து நாற்காலியில் அறுநூறு துண்டறிக்கைகள்,
ஓரம் பிசகாமல் மடித்து, ரப்பர் பேண்டு போட்டு.
மடித்தவள் சுல்மா.
மடிக்கும்போதெல்லாம் பேசினாள்.

தெரிந்தே இதயம் போட்டாளோ?
தெரிந்தவள் அறுநூறு மடிப்பாளா?
மடிப்பாள். சுல்மா மடிப்பாள்.

பதிவை நீக்கினால் அந்த 'யாரை?'யும் போய்விடும்.
அவளுடையதை அழிக்கட்டுமா என்று
நிரல் யாரையும் கேட்பதில்லை.

வலது பாதியில் அந்த வாக்கியத்தைக் கண்டுபிடித்தாள்,
இரண்டு கோணக்குறிகளுக்கு நடுவில் படுத்திருந்தது.
இரட்டைச் சொடுக்கு. வாக்கியம் நீலமாயிற்று.
அதன்மேல் எழுதினாள்:
நம் கூட்டத்தில் ஒருத்தி பேசப் பேச
எனக்குக் குளிர் குறைகிறது.

என்டர்.
இடது பாதியில், அவள் முகத்துக்குப் பக்கத்தில்,
பழைய தேதியோடு, நாற்பத்தொரு இதயங்களோடு
அது அப்படியே போய் உட்கார்ந்தது.
ஹா! சரியாச் சொன்னே. யாரை?

எஃப் ஐந்தை அழுத்தினால் எல்லாம் பழையபடி.
வேறு எந்தத் திரையிலும் இது இல்லை.

போன் அதிர்ந்தது. சுல்மா, எட்டு நிமிடக் குரல்பதிவு.
துண்டறிக்கை நூறு குறைகிறது,
ஆறாம் பிளாக்கில் லிஃப்ட் ஓடவில்லை,
அப்புறம் அவள் பூனை,
அப்புறம் பூனையின் டாக்டர்.

முழுக்கக் கேட்டாள்.
ஒன்பது மணிக்கு வா என்று அனுப்பினாள்.

மடிக்கணினி நான்கு சதவீதம் என்றது.
சார்ஜர் சமையலறையில்.
காற்று சட்டத்தை ஆட்டியது,
மிர்த்தா எழுந்திருக்கவில்லை.